போலீஸ் ஸ்டோரி திரைப்பட வரிசை: உருவாக்கமும் ஈர்ப்பும்

போலீஸ் ஸ்டோரி என்பது 1985ஆம் ஆண்டு ஹாங்காங்கில் தொடங்கிய காவல்துறை சார்ந்த சண்டை, நகைச்சுவைத் திரைப்பட வரிசையாகும். நடிகர் ஜாக்கி சான் இதன் நாயகன். முதல் இரு படங்களையும் அவரே இயக்கினார். கணினி வரைகலை பரவுவதற்கு முன் எடுக்கப்பட்ட இப்படங்களின் சாகசங்கள் மனித உடலை மட்டுமே நம்பியிருந்தன. இவற்றின் ஈர்ப்புக்கும், இவற்றுக்குக் கொடுக்கப்பட்ட விலைக்கும் அதுவே காரணம்.

பின்னணி

சிறுவயதில் ஹாங்காங்கில் பீக்கிங் இசை நாடகப் பள்ளியில் பயின்ற ஜாக்கி சான், 1978இல் வெளிவந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தால் ஆசியாவில் புகழ்பெற்றார். அமெரிக்கச் சந்தையை நோக்கி எடுக்கப்பட்ட 'தி புரொடெக்டர்' (1985) படத்தில் நியூயார்க் காவலராக நடித்தார். அதில் சண்டைக் காட்சிகள் எடுக்கப்பட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. காவலர் கதையைத் தம் பாணியில் எடுத்துக்காட்ட விரும்பி, கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்திற்காக அதே ஆண்டில் போலீஸ் ஸ்டோரியை உருவாக்கினார்.

முதல் படத்தின் உருவாக்கம்

வணிக வளாகம், குடிசைப் பகுதி, நீதிமன்றம் போன்ற களங்களை முதலில் முடிவு செய்து, அவற்றை இணைக்கும் வகையில் எட்வர்ட் டாங் திரைக்கதை அமைத்தார். தொடக்கத்தில் மலைச்சரிவிலுள்ள குடிசைகளை நொறுக்கியபடி கார்கள் கீழிறங்குகின்றன. தொடர்ந்து நாயகன் ஒரு குடையின் வளைந்த பிடியை மாட்டிக்கொண்டு, ஓடும் இரண்டடுக்குப் பேருந்தில் தொங்குகிறான்.

இறுதிச் சண்டை வணிக வளாகம் ஒன்றில் நடக்கிறது. உடைந்த கண்ணாடிகளின் எண்ணிக்கையைக் கண்ட படக்குழுவினர் இப்படத்தைக் 'கிளாஸ் ஸ்டோரி' என்று கேலியாக அழைத்தனர். பல மாடி உயரத்திலிருந்து, மின்விளக்குகள் சுற்றப்பட்ட கம்பத்தைப் பற்றிக்கொண்டு சறுக்கும் காட்சியில் ஜாக்கி சானின் கைகளில் தீக்காயம் ஏற்பட்டது. முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடிபட்டது. அந்தச் சறுக்கல் படத்தில் வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. 'டூப்' இல்லை என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே உறுதி செய்துகொள்ள முடிந்தது.

நகைச்சுவையின் பங்கு

நாயகன் சான் கா-குய் வெல்ல முடியாத வீரன் அல்லன். காவல் நிலையத்தில் தனியே அமர்ந்து, ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல தொலைபேசிகளின் கம்பிகளில் சிக்கித் தவிக்கிறான். மேகி சியூங் நடித்த காதலி மேயிடம் அடிக்கடி திட்டு வாங்குகிறான். செய்யாத கொலைக்காகத் தேடப்படும்போது மேலதிகாரிகளையே எதிர்க்கிறான். அடி விழுந்தால் வலிக்கும் சாதாரணக் காவலன் என்பதால் பார்வையாளர் அவனுக்காகச் சிரிக்கவும் பதறவும் முடிந்தது. மௌனப்படக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் உடல்மொழி நகைச்சுவை ஜாக்கி சானிடம் செலுத்திய தாக்கத்தை இக்காட்சிகளில் காணலாம்.

தொடர்ச்சி

ஹாங்காங் திரைப்பட விருதுகளில் முதல் படம் சிறந்த படமாகவும், சிறந்த சண்டை அமைப்புக்காகவும் தேர்வானது. இரண்டாம் படம் 1988இல் வந்தது. ஸ்டான்லி டோங் இயக்கிய மூன்றாம் படத்தில் (1992) மலேசியாவில் பிறந்த மிச்செல் யோ, நாயகனுக்கு இணையான சாகசங்களைச் செய்தார். அவர் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து ஓடும் ரயிலின் மேல் இறங்குவதும், ஜாக்கி சான் ஹெலிகாப்டர் ஏணியில் தொங்கியபடி கோலாலம்பூர் வானில் செல்வதும் புகழ்பெற்றவை. நான்காம் படம் 1996இல் வெளிவந்தது. 2004, 2013ஆம் ஆண்டுகளின் படங்கள் புதிய நாயகர்களையும் இறுக்கமான கதைகளையும் கொண்டவை. அவற்றில் நகைச்சுவை குறைந்தது.

சாகசத்தின் விலை

இப்படங்களின் முடிவில், பெயர்ப்பட்டியலுடன் படப்பிடிப்பில் தவறிய காட்சிகள் காட்டப்படுவது வழக்கம். பேருந்துக் காட்சியில் மேல்தளத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட சண்டைக் கலைஞர்கள், திட்டமிட்டபடி கார் மீது விழாமல் சாலையில் விழுந்து காயமடைந்தனர். இரண்டாம் படத்தில் மேகி சியூங்கிற்குத் தலையில் காயம் ஏற்பட்டது.

இக்காட்சிகள் சாகசம் பொய்யல்ல என்று நிறுவும் விளம்பரமாகவும் பயன்பட்டன. அதே வேளையில், நாயகனின் புகழுக்குப் பின்னால் பெயர் அறியப்படாத பலரின் காயங்களும் இருந்தன என்பதற்கு அவை பதிவாகவும் நிற்கின்றன.