தொலைபேசி நிலையத்தின் வாசலில்: இஸ்தான்புல், 1913

அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி. அபூதாவூதில் இச்செய்தி பதிவாகியுள்ளது. எழுதத் தெரிந்தோர் மிகச் சிலரே இருந்த அக்காலத்தில் எழுத்து என்பது ஒரு தொழில்திறன்; கடனும் கணக்கும் ஒப்பந்தமும் அதை நம்பியே நின்றன. அத்திறனை ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குக் கற்பித்த மரபு நம்முடையது. அப்படியிருக்க, அலுவலக மேசை நம் பெண்களுக்கு அந்நியமானது எவ்வாறு? இக்கேள்விக்கு உஸ்மானியத் தலைநகரின் வரலாறு ஒரு விடையை வைத்திருக்கிறது.

1913இல் இஸ்தான்புல்லில் தொலைபேசிச் சேவையை அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. அந்நிய முதலீட்டில் இயங்கிய நிறுவனம் பெண் ஆபரேட்டர்களைத் தேடியது. பெத்ரா உஸ்மான் என்பவரும் வேறு சில முஸ்லிம் பெண்களும் விண்ணப்பித்தனர், மறுக்கப்பட்டனர். பிரெஞ்சும் கிரேக்கமும் தெரிய வேண்டும் என்பது நிறுவனம் சொன்ன காரணம்.

மார்க்கம் தடுக்கிறது என்று எவரும் அங்கே சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தடையாக நின்றது தகுதி. அந்தத் தகுதியை அவர்களுக்கு யார் கற்பித்திருந்தார்கள்? கிறிஸ்தவ, யூதச் சமூகங்களின் பள்ளிகள் பலவற்றில் பெண்பிள்ளைகள் பிரெஞ்சு கற்றனர். முஸ்லிம் பெண்களுக்கோ அரசு திறந்துவைத்த தொழிற்பாதைகள் முக்கியமாக இரண்டு: 1869 வாக்கில் தொடங்கிய பெண்கள் கைத்தொழிற்பள்ளியின் தையல், 1870இல் தொடங்கிய ஆசிரியப் பயிற்சி. இரண்டும் நற்பணிகளே. ஆயினும் வணிக நிலையத்தின் கதவை இரண்டும் திறக்கவில்லை.

அவ்வாண்டு ஏப்ரலில்தான் 'கதின்லார் துன்யாசி', அதாவது பெண்களின் உலகம், என்னும் நாளேடு பிறந்திருந்தது. எழுதியவர்கள் அனைவரும் பெண்கள். அதை நடத்திய நூரிய்யா உல்விய்யா, பெண்களின் உரிமை காக்கும் சங்கம் ஒன்றையும் அமைத்திருந்தார். ஏடும் சங்கமும் இம்மறுப்பைப் பொது விவகாரமாக்கின. இந்நாட்டுத் தலைநகரில் இயங்கும் நிறுவனத்தில் இந்நாட்டு மொழி பேசும் பெண்ணுக்கு இடமில்லையா என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். (சந்தாதாரர் பலர் பிரெஞ்சிலும் கிரேக்கத்திலும் பேசியவர்கள் என்பதால், நிறுவனத்தின் நிபந்தனை முற்றிலும் காரணமற்றது என்று நாம் சொல்லத் துணியவில்லை.) இறுதியில் நிறுவனம் இணங்கியது, பெத்ரா உஸ்மான் உள்ளிட்ட முஸ்லிம் பெண்கள் பணியில் அமர்ந்தனர்.

அடுத்த ஆண்டே உலகப்போர். ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, அஞ்சல் நிலையங்களும் நிதித்துறை அலுவலகங்களும் பெண்களை ஏற்றன. ஆனால் 1916இல் பெண்களுக்கு வேலை தேடித்தர இஸ்லாமியப் பெயரிலேயே தொடங்கப்பட்ட சங்கம், பெரும்பாலோருக்கு வழங்க முடிந்தது படைவீரர் சீருடை தைக்கும் வேலையைத்தான். பழைய பயிற்சி எதுவோ, அதுவே வேலையாகவும் வாய்த்தது.

நம் மஹல்லாக்களுக்கு இக்கதை தொலைவானதன்று. கைம்பெண்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் உதவ முன்வரும் ஜமாஅத்துகள் முதலில் நினைப்பது தையல் இயந்திரத்தையே. அந்த இயந்திரம் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. எனினும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணியிடத்திற்கு, தொழில்நுட்பக் கல்வித்துறை நடத்தும் தட்டச்சுத் தேர்வின் சான்றிதழ் வேண்டும். பட்டம் பெற்ற நம் மகளும் அஃதின்றி அப்பணிக்கு விண்ணப்பிக்கவே இயலாது. தனியார் கடைகளின் கணக்கு வேலைக்கு டேலி கேட்கிறார்கள். பெத்ரா உஸ்மானிடம் கேட்கப்பட்ட பிரெஞ்சு இன்று இவ்வடிவில் நிற்கிறது.

தையல் வகுப்பு நடக்கும் அதே கூடத்தில், அதே பெண் பொறுப்பாளரின் கண்காணிப்பில், மாலையில் நான்கு தட்டச்சுப் பொறிகளையும் இரண்டு கணினிகளையும் வைக்க இடம் இருக்கிறது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை யார் எழுப்புவது என்பதுதான் நமக்குள் இன்னும் முடிவாகவில்லை.