நகரப் போரில் வான் ஆதரவு: ஹுவே முதல் மொசூல் வரை

தரைப்படைக்கு மிக அருகே இருக்கும் எதிரியை விமானத்திலிருந்து தாக்குவதை ‘நெருக்கமான வான் ஆதரவு’ என்பார்கள். திறந்தவெளியில் இதைச் செய்வது ஓரளவு சுலபம். நகரத்தில் நிலைமையே வேறு. ஒரு வீட்டில் எதிரி, அடுத்த வீட்டில் சொந்தப் படை, அதற்கடுத்த வீட்டில் ஒரு குடும்பம். மேலே பறக்கும் விமானிக்கு எல்லா மொட்டை மாடிகளும் ஒன்றுபோலத்தான் தெரியும்!

1968 ஜனவரி 31 அன்று வியட்நாமின் பழைய தலைநகரான ஹுவேயை வட வியட்நாமியப் படைகளும் வியட்காங் படைகளும் கைப்பற்றின. வரலாற்றுச் சிறப்புமிக்க நகரம் என்பதால் குண்டுவீச்சுக்கு முதலில் தடை இருந்தது. தாழ்ந்த மழைமேகங்களும் விமானங்களைத் தடுத்தன. உயிரிழப்பு கூடியதும் தடை தளர்த்தப்பட்டது. சண்டை முடிந்தபோது நகரின் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது.

2004 ஏப்ரலில் ஈராக்கின் ஃபலூஜாவில் அமெரிக்கா தொடங்கிய முதல் தாக்குதல், பொதுமக்கள் சாவு குறித்த கண்டனங்களால் பாதியில் நின்றது. நவம்பரில் இரண்டாம் தாக்குதல் தொடங்கியது. நகரமோ ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீள அகலம்தான். அதன் மேலே போர் விமானங்கள், ஆளில்லா விமானங்கள், பீரங்கிக் குண்டுகள் என எல்லாமே ஒரே வானில்.

இதற்காக மரைன் படையினர் ‘சாவித்துவாரம்’ என்ற முறையைக் கையாண்டனர். நகரம்தான் மையப்புள்ளி. வடக்கு ஏ, கிழக்கு பி, தெற்கு சி, மேற்கு டி. ‘பி 10’ என்றால் மையத்திலிருந்து கிழக்கே 10 கடல் மைல். 5 கடல் மைல் வட்டத்துக்குள் தாக்கப்போகும் விமானம் மட்டுமே நுழையலாம். மற்றவை வெளியே காத்திருக்க வேண்டும். கட்டடங்களுக்கு எண் போட்ட வான்படம் ஒன்றும் தயாரானது. தரையில் இருப்பவர் எண்ணைச் சொன்னால், அதே படத்தை வைத்திருக்கும் விமானிக்கு எந்தக் கட்டடம் என்று புரிந்துவிடும்.

குழப்பம் குறைந்தது. ஆனால் நகரம் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் அழிந்தன. மக்களில் பெரும்பாலோர் முன்பே வெளியேறியிருந்ததால் சாவு இன்னும் பெருகவில்லை.

மொசூலில் மக்கள் வெளியேற முடியவில்லை. 2017 மார்ச் 17 அன்று ஒரு கட்டடத்தில் இருந்த இரண்டு துப்பாக்கி வீரர்களைக் குறிவைத்து 500 பவுண்டு குண்டு ஒன்று வீசப்பட்டது. குறி தவறவில்லை. ஆனால் கட்டடம் சரிந்து, அமெரிக்க ராணுவத்தின் விசாரணைக் கணக்கின்படியே 100-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர். உள்ளே ஐ.எஸ். வைத்திருந்த வெடிபொருட்களே கட்டடத்தைச் சரித்தன என்றது ராணுவம். உள்ளே மக்கள் இருந்தது தாக்கியவர்களுக்குத் தெரியாது என்றும் சொன்னது.

எந்த வீடு என்பதைச் சொல்ல வழி கண்டுபிடித்தாகிவிட்டது. அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை எந்த வரைபடமும் சொல்வதில்லை.