விரவல் விதி கண்ட உடற்கூற்றறிஞர்

நீரின் அடியில் இட்ட உப்பு, எவரும் கலக்காமலே மெல்ல மேலேறி எங்கும் பரவும். இதனை விரவல் என்பர். வாயுக்கள் விரவும் வேகம் அவற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும் என ஸ்காட்லாந்து வேதியியலறிஞர் தாமஸ் கிரகாம் 1833இல் நிறுவினார். நீர்மங்களிலோ அவர் அளவுகளைக் குவித்தாரேயன்றி, விதியை வகுத்தாரல்லர்.

அதனை வகுத்தவர் வேதியியலறிஞரே அல்லர்! சூரிச்சில் உடற்கூறு பயிற்றிய அடால்ஃப் ஃபிக், உடலின் சவ்வுகளூடே நீரும் உப்பும் செல்லும் வகையை அறியப் புகுந்தவர். வெப்பம் பரவுதற்கு ஃபூரியே 1822இல் தந்த கணக்கையே அவர் உப்பிற்கும் பொருத்தினார். குறித்த தொலைவிற்குள் செறிவு எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவிற்கு உப்பு விரைந்து நகரும் என்றார். அடியில் உப்பும் மேலே நன்னீரும் இருக்கக் குழாயை நிறுத்திப் பொறுமையுடன் காத்திருந்து, உயரந்தோறும் செறிவை அளந்தார். அது சீராகவே குறைந்து சென்றது. 1855இல் அக்கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு 26 வயதும் நிரம்பவில்லை.