சுவார்ட்ஸ், சரபோஜி, வேதநாயகர்: தஞ்சையில் 'விசுவாசம்'

'விசுவாசம்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தாங்கி நிற்பது. கிறித்தவ வழக்கில் அது இறைநம்பிக்கை. உலக வழக்கில், 'எசமான விசுவாசம்' என்பதுபோல, மனிதரிடத்துக் கொண்ட மாறாப் பற்று. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தின் 'பிஸ்திஸ்' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் உடையதாகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சையில் வாழ்ந்த மூவரின் உறவில் இப்பொருள்கள் இணைந்தும் முரண்பட்டும் நின்றவாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரஷ்ய நாட்டில் 1726இல் பிறந்த கிறித்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடி வந்து, திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய பின் 1778இல் தஞ்சையில் நிலைகொண்டார். மராட்டிய மன்னர் துளஜா 1787இல் இறக்குந் தறுவாயில், தாம் சுவீகாரம் கொண்ட சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் விட விரும்பினார். சுவார்ட்ஸ் அப்பொறுப்பை ஏற்கத் தயங்கி, மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைக்குமாறு அறிவுரை கூறினார். வரலாற்றாசிரியர் பலர் விரைந்து கடந்துவிடும் செய்தி இது. சுவீகாரம் செல்லாது என்ற பண்டிதர் கருத்தைக் கொண்டு கம்பெனியார் அமர்சிங்கையே அரியணை ஏற்றினர். சிறுவன் கல்வியின்றி அடைபட்டுக் கிடந்தான். பின்னர்ச் சுவார்ட்ஸ் இடைவிடாது முறையிட்டதன் பயனாக 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பெற்றார். ஆதலின் அவரது விசுவாசம் தொடக்கத்திலேயே முழுமையாக நின்றதன்று. விளைவு கண்டபின் உறுதிப்பட்டது என்பதே பொருந்தும்.

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரசரானார். மறு ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனிவசமாயிற்று. பாதிரியாரின் பரிவு கம்பெனியின் கணக்குக்கும் உதவியது என்பது மறுத்தற்கரியது. எனினும் அதனால் அவ்வுறவே பொய் என்று கொள்வதற்கில்லை. சரபோஜி இறுதிவரை தம் குலச் சமயத்திலேயே நின்றார். நன்றிக்கு விலையாக மதமாற்றம் நிகழவில்லை. இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு அவர் அமைப்பித்த பளிங்குச் சிற்பத்தில், இறக்குந் தறுவாயிலுள்ள குருவின் கையைப் பற்றி நிற்கும் அரசர் காட்சியளிக்கிறார். கம்பெனியும் சென்னைக் கோட்டைத் தேவாலயத்தில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது. கல்லறைக்கு அரசர் தாமே ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றியளித்தமை தஞ்சைக்கே உரிய சிறப்பாகும்.

சுவார்ட்ஸின் மற்றொரு மாணாக்கர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பெத்லகேம் குறவஞ்சி பாடிய இவர் சரபோஜியின் ஆதரவைப் பெற்றவர். அரசர் தம் தெய்வத்தின்மீது பாடல் இயற்றுமாறு வேண்ட, சாஸ்திரியார் தம் சமயங் கருதி மறுத்தார் என்பது மரபுவழிச் செய்தி. இம்மறுப்பால் அரசரின் ஆதரவு அற்றுப்போகவில்லை. புதிய மிஷனரிமாரோடு முரண்பட்டு அவர் நலிந்திருந்த 1829இல் அவரை அரசவைக் கவிஞராக்கியவர் சரபோஜியே. கிறித்தவக் கவிஞரைத் தாங்கியது கிறித்தவரல்லாத அரசரின் விசுவாசம்.

அம்முரண்பாட்டின் மையம் சாதி. ஆலயத்தில் வேளாளர் தனித்தமரும் வழக்கத்தைச் சுவார்ட்ஸ் காலத்துத் திருச்சபை பொறுத்துக்கொண்டிருந்தது. புதியவர்கள் அதனை ஒழிக்க முற்பட்டனர். சாஸ்திரியார் முன்னோர் வழக்கத்துக்கு ஆதரவாக எழுதினார். அவரளவில் அது குருவின் நெறிக்குக் காட்டிய பற்றாகவே தோன்றியிருத்தல் கூடும். ஆனால் ஒரே நற்கருணையில் பங்குகொண்ட தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் அப்பற்றின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சபையில் சாதி வேற்றுமை அறவே கூடாதென ஆயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, அதனைத் தஞ்சைக் கிறித்தவருள் பலர் ஏற்கவில்லை. அவ்வாறு எதிர்த்தவர்களுள் சுவார்ட்ஸின் பெயரைப் போற்றியவர்களும் இருந்தனர்.