நன்றிக்கடனும் கூலிக்கணக்கும்

நிறுவனங்களின் 'சமூகப் பொறுப்பு' பற்றிய இன்றைய மேலாண்மைச் சொல்லாடல் ஒரு வாக்குறுதியை முன்வைக்கிறது. நிறுவனம் ஊருக்கு நல்லது செய்தால் தொழிலாளி அதை 'நம்ம கம்பெனி' என்று நினைப்பான். வேலையை விட்டுப் போகமாட்டான். முனகாமல் கூடுதலாக உழைப்பான். நல்லெண்ணத்தை மூலப்பொருளாகப் போட்டு விசுவாசத்தை உற்பத்தி செய்கிற காரியம் இது. புதுசா என்ன? பொங்கலுக்கு வேட்டியும் சாவுக்கு நாலு மரக்கால் நெல்லும் கொடுத்த பண்ணையாருக்கு இது தெரியும். கூலிக்கணக்கு கேட்ட பண்ணையாளுக்கு 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியா?' என்பதே பதிலாக இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு ஆலைக்குள் நுழைந்த வரலாற்றைப் பார்க்க, சென்னை பெரம்பூரின் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளுக்குப் போகவேண்டும். பின்னி நிறுவனம் அங்கே பள்ளிக்கூடம் நடத்தியது, மருத்துவ வசதி செய்தது, தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியது. 'முன்மாதிரி முதலாளி' என்று பெயர் வாங்கியது. ஆனால் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைமை ஏற்றார். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, வெள்ளை மேற்பார்வையாளர்கள் அடிக்கிறார்கள் என்பவை அன்றைய குறைகள். பையனுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த கம்பெனி அப்பனின் முதுகில் அடிப்பதை நிறுத்தவில்லை. தொழிலாளி இரண்டையும் ஒரே கணக்கில் வரவு வைக்கவில்லை.

1921 வேலைநிறுத்தம் இன்னும் சிக்கலானது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இதை 'எசமான விசுவாசம்' என்று தள்ளுவது சுலபம். சேரிக்காரனுக்கு ஆலைக்கு வெளியே யார் வேலை கொடுத்தார்கள்? மாதக்கணக்கில் கூலியில்லாமல் இருந்தால் யார் கடன் கொடுப்பார்கள்? சங்கம் இந்தக் கேள்விகளைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலைக்குள் தொழிலாளி எப்படி நடந்துகொள்கிறான் என்பதை, ஆலைக்கு வெளியே அவனுக்கு மறுக்கப்பட்டவை தீர்மானிக்கின்றன. மேலாண்மை ஆய்வுகளின் கேள்வித்தாளில் சாதிக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

வேலைநிறுத்தம் தோற்றபின், 1922இல் நிர்வாகம் ஒரு நலக்குழு அமைத்தது. சங்கம் உரிமையாகக் கேட்டதை, சங்கத்தை ஓரங்கட்டிவிட்டுச் சலுகையாகக் கொடுப்பது அதன் தர்க்கம்.

வளவனூரிலிருந்து கிழக்கே ரயிலில் போனால் வருகிற புதுச்சேரியில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு வரலாறு உண்டு. 1936 ஜூலை 30இல் பிரெஞ்சுக் காவலர்கள் சுட்டு 12 ஆலைத் தொழிலாளர்கள் செத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதற்காகத் தொழிலாளி யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டமும் இப்படித்தான் உணவகத்தையும் குழந்தைக் காப்பகத்தையும் தயவிலிருந்து பிடுங்கிச் சட்டக் கடமையாக்கியது.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படுகிற செலவு இந்தக் கணக்கில் சேராது. தொழிலாளர் நலன் என்கிற கடமையை நிறுவனம் இந்தக் காசில் தீர்த்துக்கொள்ளக்கூடாது என்பதால் இந்த விதி நியாயம்தான். ஆனால் அதன் விளைவை யோசியுங்கள். பின்னி காலத்தில் கொடை தொழிலாளியின் வீட்டுக்கு வந்தது. இப்போது அது ஊருக்கு வருகிறது. வளவனூரிலிருந்து கம்பெனி வேனில் ஷிப்டுக்குப் போகிற ஒப்பந்தத் தொழிலாளி, பணி நிரந்தரம் கேட்டு நாளைக்கு வாசலில் உட்கார்ந்தால் அவனைக் கேள்வி கேட்க மேனேஜர் வரவேண்டியதில்லை. 'நம்ம ஊரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு போட்டுக் குடுத்தவன்கிட்டயே கொடி புடிக்கிறியா?' என்று ஊரே கேட்கலாம். நன்றிக்கடனை ஊரின் தலையில் எழுதி, வசூலைத் தொழிலாளியிடம் செய்வது.

பெஞ்சு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் உட்காரட்டும். ஊருக்குப் போட்ட பெஞ்சைக் காட்டித் தொழிலாளியின் கூலிக்கணக்கை மூடக்கூடாது என்பதை, ஊர்க்கூட்டத்திலேயே எழுந்து சொல்கிற வேலை சங்கங்களுக்கு இருக்கிறது. 1921இல் ஆலை வாசலோடு நின்றுபோன சங்கம் சேரிக்குள் போகவில்லை. அதற்குக் கொடுத்த விலை புளியந்தோப்பு.