அந்தமானில் ஹெட் கேஸ்கெட்

எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அது தடுக்கிறது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஹெட்டைத் தனியாகக் கழற்ற முடிந்தது. பழுது பார்ப்பது எளிதானது. கூடவே, இந்தத் தகடு எப்போது போகுமோ என்ற கவலையும் கார்க்காரர்களுக்கு வந்து சேர்ந்தது.

அந்தமானுக்கு அந்தக் கவலை தாமதமாகவே வந்தது. 1858-இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து வெகுகாலம் தீவுகளுக்கிடையே படகுதான் போக்குவரத்து. 1883-இல் தொடங்கிய சாத்தம் மரம் அறுக்கும் ஆலைக்கு மரங்களைக் காட்டிலிருந்து யானைகள் இழுத்தன. மிச்ச தூரம் கடல்வழி. ஊருக்குள் ஓடும் கார் அதிக தூரம் போவதில்லை, அதனால் அதிகம் சூடாவதுமில்லை. 1970-களில் அந்தமான் டிரங்க் ரோடு போடத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிப்பூர் வரை 300 கி.மீ.க்கு மேல் காடும் மேடும் கடந்து போகிறது அந்தச் சாலை. ஜிர்காடாங்குக்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம். அங்கே வண்டிகள் கான்வாயாகத்தான் போக வேண்டும். நடுவழியில் நிறுத்தக் கூடாது. ரேடியேட்டர் கொதிக்கும்போது ஓரங்கட்டிக் காத்திருப்பதே கேஸ்கெட்டைக் காப்பாற்றும் வழி. அந்த வழி அங்கே அடைபட்டுப்போகிறது.

மற்ற ஊர்களைப் போலவே இங்கும் டாக்சியாகவும் அரசு வண்டியாகவும் ஓடியது அம்பாசடர். அதன் 1489 சி.சி. எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. சூட்டில் அவ்வளவு சீக்கிரம் வளையாது. செம்பும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்த கேஸ்கெட்தான் முதலில் போகும். அடையாளம் தெளிவானது: ரேடியேட்டரில் குமிழி, புகைபோக்கியில் வெள்ளைப் புகை, டிப் ஸ்டிக்கை உருவினால் பால் காப்பி நிறத்தில் ஆயில்.

இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். தண்ணீரை வடித்து, கார்பரேட்டரையும் மேனிஃபோல்டையும் எடுத்துவிட்டு, ராக்கர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். இந்த எஞ்சினில் ராக்கரைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கர்தானே என்று அவற்றை மட்டும் முழுவதும் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளும். எல்லா நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்துவதே முறை. புஷ் ராடுகளை, எது எங்கிருந்தது என்று தெரியும்படி, அட்டையில் துளையிட்டுச் செருகிவைப்பார்கள். ஒட்டிக்கொண்ட ஹெட்டைத் திருப்புளி விட்டு நெம்புவது பலரும் செய்யும் தப்பு. அதனால் விழும் கீறல் வழியாகவே புதுக் கேஸ்கெட்டும் கசியும். பழைய ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்த நிலையில் சுரண்டினால் தூசு நுரையீரலுக்குப் போகும், ஆகவே நனைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது நடு நட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் வெளிநோக்கி, சில சுற்றுகளில், டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கடைசியில் டப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

இவை எந்த ஊருக்கும் பொது. தீவுக்கென்று தனியாக இருந்தவை உப்புக் காற்றும் கப்பலும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழையும் கடற்காற்றும் சேர்ந்து ஸ்டட்டையும் நட்டையும் ஒன்றாகத் துருப்பிடிக்க வைக்கும். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் முறியும். கேஸ்கெட் செட்டோ சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்தோ கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலிருந்தோ கடல் தாண்டி வர வேண்டிய பொருள். ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட்டை மறுபடி போட முடியாது. அதனால் புதியது கைக்கு வராமல் ஹெட்டைத் தொடக் கூடாது என்பது இங்கே வெறும் முன்னெச்சரிக்கை இல்லை. மீறினால் வண்டி வாரக்கணக்கில் திறந்து கிடக்கும்.

1983-இல் வந்த மாருதி 800 கணக்கை மாற்றியது. அதன் ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தாலே வளையக்கூடும். இரும்பு ஸ்கேலை மேலே வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். நுழைந்தால் பட்டறையில் மட்டம் பிடித்தாக வேண்டும், வாசலில் ஆகாது. பின்னால் வந்த பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுகள் இன்னும் வழுவழுப்பான பரப்பைக் கேட்கின்றன; பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டையும் புதிதாகவே போட வேண்டும். வீட்டு வேலை மெல்லப் பட்டறை வேலையானது.

2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2024-இல் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர இன்றும் ஏறக்குறைய மூன்று நாள் ஆகிறது.