தேயிலைப் பொதியிலே தீட்டிய முகம்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திற் குவிந்த பண்டப்பொதிகள்மீது சோழனது புலிப்பொறி இடப்பட்டதனைப் பட்டினப்பாலை கூறும். அப்பொறி அரசிறைக்குச் சான்றாயிற்றேயன்றி, பொதியினுள் இருந்த பண்டம் நல்லதென்றோ, அதனை விற்போன் நேர்மையாளன் என்றோ எவர்க்கும் உரைத்ததன்று. பண்டத்தின்மேல் இடும் குறியும் படமும் அப்பண்டத்துக்கு ஒரு மனிதனுக்குரிய குணத்தையே ஏற்றிக் கூறும் வழக்கம், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்ததாகும். அவ்வரலாற்றில் இலங்கைத் தேயிலைக்குத் தனியோர் இடம் உண்டு.

அக்காலத்து ஆங்கில இல்லத்தரசி தேயிலை வாங்கிய முறையை முதற்கண் அறிதல் வேண்டும். பலசரக்குக் கடைக்காரன் பெட்டியிலிருந்து இலையை அள்ளி, தராசில் நிறுத்து, தாளில் மடித்துக் கொடுப்பான். வாங்குவோர் இலையைக் கண்ணாற் காணலாம், முகர்ந்தும் பார்க்கலாம். ஆயினும் கலப்படம் மிகுந்திருந்தது. சீனத்திலிருந்து வந்த பச்சைத் தேயிலைக்கு நீலச்சாயம் ஊட்டப்பட்டமை பெரும் பழியாகப் பேசப்பட்டது. இவ்வச்சத்தையே தமக்கு ஆதாயமாக்கிக் கொண்டவர் ஜோன் ஹோர்னிமன் என்பார். 1826ஆம் ஆண்டில் அவர் நிறையளந்து முத்திரையிட்ட பொதிகளில் தேயிலையை விற்கத் தொடங்கினார். பொதி கலப்படத்தைத் தடுத்தது. ஆனால் இலையைக் கண்ணினின்றும் மறைத்தும் விட்டது. இலை மறைந்தவிடத்து மேலுறையே இலைக்காகப் பேச வேண்டியதாயிற்று. 1875ஆம் ஆண்டில் வணிகக் குறிகளைப் பதிவுசெய்யும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறவே, அவ்வாறு பேசும் உரிமை ஒருவர்க்கே உரிய சொத்துமாயிற்று.

இந்நிலையிலேதான் இலங்கைத் தேயிலை இலண்டன் சந்தையை அடைந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தொழிக்க, தோட்டத் துரைமார் அனைவரும் தேயிலையை நாடினர். சீனத் தேயிலையின் மென்சுவைக்குப் பழகிய நாவுக்கு இதன் கடுஞ்சாயம் புதிது. முகமறியாத இப்புதியவனைச் சீமையிலுள்ளோர்க்கு அறிமுகஞ் செய்து வைப்பார் ஒருவர் வேண்டியிருந்தது.

அப்பணியை ஆற்றியோருள் தலையாயவர் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோ நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியிலே, அயர்லாந்திலிருந்து வந்த பெற்றோர்க்குப் பிறந்த அவர், இளமையில் அமெரிக்கா சென்று மீண்டு, 1871இல் அந்நகரிலே சிறுகடையொன்றைத் திறந்தார். கொழுத்த பன்றிகளைக் குளிப்பாட்டி அலங்கரித்து, 'லிப்டனின் அநாதைகள்' என்னும் பதாகையுடன் வீதிவழியே தம் கடைக்கு ஓட்டுவித்தமையும், 1881ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே மாபெரும் பாற்கட்டி ஒன்றினுள் பொற்காசுகளைப் புதைத்து விற்றமையும் அவர் செய்த விளம்பரங்களுட் சில. இவை வெறுங் கூத்தெனத் தோன்றலாம். ஆயின் இவற்றால் அக்கடைக்கு ஒரு குணம் அமைந்ததென்பது நோக்கத்தக்கது. சிரிக்கத் தெரிந்தவன், எளியவரின் தோழன், மறைத்து விற்காதவன் என்று நகரமாந்தர் அக்கடைக்காரனை எண்ணலாயினர்.

1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த லிப்டன், அப்புத்தளைப் பகுதியிலுள்ள டம்பதென்னை முதலாய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு வருகின்றது என்னும் கருத்தமைந்த வாசகம் அவர் பொதிகளிற் பொறிக்கப்பட்டது. ஏனையோர் இறாத்தல் மூன்று சிலிங் அளவில் விற்ற தேயிலையை அவர் ஒரு சிலிங் ஏழு பென்ஸுக்கு விற்றார். மலிந்த பொருள் தாழ்ந்த பொருளாயிருக்குமோ என்னும் ஐயத்தை அவ்வாசகமே போக்கிற்று. இடையிலே தரகர் இல்லையாதலின் விலை குறைந்ததென்று வாங்குவோர் தாமே விடை கண்டனர். உண்மையிலோ, அவர் விற்ற தேயிலையில் மிகச் சிறு பகுதியே அவருடைய தோட்டங்களில் விளைந்தது. எஞ்சியதை மற்றையோர் போலவே அவரும் இலண்டன் ஏலச்சந்தையில் வாங்கினார். வாசகம் முற்றும் பொய்யன்று; முழு மெய்யுமன்று.

பிற்காலத்தில் அவருடைய முகமே குறியாயிற்று. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவினை முன்னிட்டு ஏழைகளுக்கு அளிக்கப்பட்ட விருந்துக்கு 25,000 பவுண் ஈந்து, மறு ஆண்டிலே 'சேர்' பட்டம் பெற்றார். 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கக் கிண்ணத்துக்கான பாய்க்கப்பற் போட்டியிற் கலந்து ஐந்து முறையும் தோற்றார். தோற்றும் முகம் வாடாத அப்பெருந்தகையை அமெரிக்க மக்கள் பெரிதும் நேசித்து, தாமே பணந்திரட்டிப் பொற்கிண்ணம் ஒன்றினைப் பரிசளித்தனர். கப்பற்றலைவனுக்குரிய தொப்பியணிந்து கையிற் கோப்பை ஏந்திய அவர் உருவம் அந்நாட்டுப் பொதிகளை அலங்கரித்தது. வெற்றி பெற்றிருந்தால் அத்துணை அன்பு விளைந்திருக்குமோ என்பது ஐயமே.

இதே இலங்கை இலைக்கு வேறொரு முகத்தையும் ஒரு நிறுவனம் படைத்தது. 1887இல் பதிவான 'மசவத்தி' என்னும் பெயர், சுவையைக் குறிக்கும் இந்திச் சொல்லையும் தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லையும் இணைத்து ஆக்கப்பட்டது. பெயர் கீழைத்தேயத்தது; படமோ முற்றிலும் ஆங்கில இல்லத்தது. மூக்குக்கண்ணாடி அணிந்த பாட்டியும், அவ்வாறே கண்ணாடி அணிந்த பேத்தியும் தேநீர்க் கோப்பையுடன் வீற்றிருக்கும் அவ்வோவியம் புகையிரத நிலையங்கள்தோறும் காட்சியளித்தது. லிப்டன் பொதியை வாங்கியவர் துணிவும் நேர்மையும் வாய்ந்த ஒரு வணிகனை நம்பினர். மசவத்திப் பொதியை வாங்கியவர் குடும்பத்தின் கனிவை நாடினர். உள்ளேயிருந்தது ஒரே தீவின் இலை. வணிகப் பெயர்களுக்கு மக்கள் ஏற்றும் குணங்களை நேர்மை, கிளர்ச்சி, திறமை, நாகரிகம், உரம் என ஐவகைப்படுத்தி ஜெனிபர் ஆக்கர் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 1997இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். அவ்வகுப்பு ஏட்டில் ஏறுவதற்கு நூறாண்டு முன்னரே கடைக்காரர்கள் அதனைக் கையாண்டு விட்டனர் எனலாம்.

இனி, அப்படங்களில் வரும் மூன்றாவது முகம் ஒன்றுண்டு. அது கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் முகம். வளையணிந்து, சேலையுடுத்து, பச்சைச் செடிகளிடையே புன்னகை பூத்து நிற்கும் அவளுருவம் 1890கள் தொடக்கம் ஆங்கிலப் பத்திரிகை விளம்பரங்களில் இடம்பெற்றது. சில படங்களிலே அவள் தேநீர்க் கோப்பையைத் தானே ஏந்தி நிற்பாள். தேயிலையின் புதுமைக்கும் தூய்மைக்கும் அவள் சான்று. அவள் மனநிறைவு தோட்டத்தின் நல்லாட்சிக்குச் சான்று. லிப்டனின் படத்தின்கீழ் அவர் பெயர் இருந்தது. இவளுக்குப் பெயரில்லை.

படத்திற் காணாதவை பல. தமிழகத்து வறட்சியாலும் கடனாலும் துரத்தப்பட்டோர் கங்காணியின் முற்பணத்துக்குக் கட்டுண்டு மலைநாட்டை அடைந்தமையும், கடன் தீர்ந்தாலன்றி ஒரு தோட்டத்தினின்றும் மற்றொன்றுக்குச் செல்லவியலாதவாறு 'துண்டு' முறை அவர்களைப் பிணித்திருந்தமையும் மேலுறையில் எழுதத்தக்க செய்திகள் அல்லவே. அத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஓவியனைக் குறைகூறுதல் பயனற்றது; வாங்குவோர் காண விரும்பியதையே அவன் வரைந்தான். எனினும், ஏழாயிரம் மைலுக்கு அப்பால் தேநீர் அருந்தியவர் ஒரு தொழிலாளியைப் பற்றிப் பெற்ற அறிவு முழுவதும் அப்படத்தினின்றே பெறப்பட்டதாயின், அவர் அறியாமைக்கு அப்படமும் பொறுப்பேற்க வேண்டும்.

1932இல் இலங்கைத் தேயிலைக்கெனப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டபின், வணிகரின் விளம்பரத்தோடு நாட்டின் விளம்பரமும் சேர்ந்தது. 1972இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என மாறியபோதும், தேயிலைக்கு மட்டும் 'சிலோன்' என்னும் பழம்பெயரே நிலைத்தது. நூறாண்டு விளம்பரம் அப்பெயரின்மீது ஏற்றிவைத்த குணத்தை இழக்க எவரும் துணியவில்லை. இந்நாட்டு இலையே முழுவதும் அடங்கி, இந்நாட்டிலேயே பொதியிடப்பட்ட தேயிலைக்குச் சிங்கக் குறி வழங்கப்படுகின்றது.

கொழுந்து பறித்தோரின் நிலை வேறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்களுட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கை வகுத்துப் பங்கிட்டது. இவ்வாறு பங்கிடப்பட்டும் எஞ்சி, எந்நாட்டுக் குடிகளென்றும் கொள்ளப்படாதிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறியது.